ஆவணியில் ஒரு பொங்கற் பெட்டி

சிவமயம்

சண்டிலிப்பாய்
18-8-1937

அன்புள்ள தங்கச்சி பாலேஸ்வரிக்கு,

இங்கே நானும் உன் மச்சாள் பூரணமும் சுகமாயிருக்கிறோம். உன்னுடையதும் மச்சான் செல்வநாயகத்தினுடையதும் சுகத்தை எழுதவும். ஈப்போவில் பஞ்சலிங்கம் அண்ணை எப்படி இருக்கிறார் என்பதையும் மறவாமல் எழுது. பெரியப்பாவின் பிள்ளை என்று நமக்கு அவர் ஒருவர்தான் மிச்சம். மலாயாவிலிருந்து உனக்கு மட்டும் எழுதிவிட்டு, ‘எல்லாருக்கும் தங்கச்சி சொல்லுவாள்’ என்று இருந்துவிடுகிறார். அதனால் உன் கடிதம்தான் எனக்கு அவருடைய கடிதமும்.

ஒரு விடயம் யோசித்தேன். நாலு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். பிழையென்றால் சிரித்துவிட்டு விட்டுவிடு.

கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் வீடுகளுக்குப் பொங்கற் சாமான் முழுவதையும் ஒரே பெட்டியில் கொடுக்கலாம் என்று நீ கண்டுபிடித்தாயே, அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் எழுதிய எனக்கு அப்படி ஒரு யோசனை ஒருநாளும் வந்திராது. சிவப்புப் பச்சையரிசி, வறுத்த பயறு, ஓலைக் குட்டானோடு பனங்கட்டி, முந்திரிகை வற்றல், ஏலக்காய். உன் யோசனையில் ஒரு குறையும் இல்லை. போன பொங்கலுக்கு மார்கழி பிறந்த பிறகுதான் நாங்கள் பெட்டிக்கு அலைந்தோம். அச்சுக்கூடத்தில் கலண்டரும் பஞ்சாங்கமும் ஓடிக்கொண்டிருந்தன, திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் கடதாசியிலும் சாக்கிலும் கட்டி அனுப்பினோம். சுன்னாகம் ஸ்டேசனில் மழை நனைத்தது. பனங்கட்டி கரைந்து பயற்றோடு ஒட்டி, பொங்கலுக்கு முதல்நாள் உன் கடை வாசலில் வந்து நின்றவர்கள் வெறுங்கையோடு போனார்கள். இன்னொரு பொங்கல் இப்படிப் போனால் கடையைப் பூட்டிவிடுவோம் என்று மச்சான் அன்று சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயப்பட்டிருக்க மாட்டேன்.

ஆகவே பெட்டியை இப்போதே சொல்லிவிடலாமா? ஆவணியில் அச்சுக்கூடம் சும்மா இருக்கும். ஐப்பசி மழைக்கு முன் ஒட்டினால்தான் பசை காயும், அட்டை நிமிர்ந்து நிற்கும். இன்னொன்று, பெட்டியில் ஈசுவர வருடம் என்று ஆண்டு போட வேண்டாம். மிஞ்சுகிற பெட்டி அடுத்த பொங்கலுக்கு உதவும்.

உனக்குச் சரியென்று பட்டால் மட்டும் எழுது.

உன் அண்ணன்
மார்க்கண்டு

சிவமயம்

வெள்ளவத்தை
25-8-1937

அன்பும் மதிப்புமுள்ள அண்ணைக்கு,

நாங்கள் இருவரும் கடவுள் கிருபையால் சுகம். மச்சாளின் முழங்கால் நோ குறைந்ததா?

ஆவணி மாதத்தில் பொங்கலைப் பற்றிக் கவலைப்படுகிறவர் இந்த இலங்கைத் தீவிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். வயிறு நோகச் சிரித்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “சிரிச்சாலும், கொண்ணை சொல்லுறது சரியடியப்பா. ஆண்டு போடவேண்டாம் எண்டது ஆருக்கு வரும்?” என்றார். ஆகவே சொல்லிவிடுங்கள் அண்ணை. போன முறையைவிட இரண்டு மடங்கு சொல்லுங்கள். எனக்குப் பயமில்லை. உங்களுக்கு வருகிற பயம் இரண்டு பேருக்கும் போதும்.

ஈப்போ அண்ணைக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறதாம். டாக்குத்தர் உப்பை நிறுத்திவிட்டார். பகிடிக்கு மட்டும் குறைவில்லை. பெட்டி விடயம் எழுதியிருந்தேன். அதற்கு, “எனக்கும் ஒரு பெட்டி போடச் சொல்லு. இஞ்சத்தை அரிசியிலை பொங்கினால் காய்ச்சல்காரன்ரை கஞ்சி மாதிரிக் கிடக்கு” என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் அன்புத் தங்கை
பாலேஸ்வரி

சிவமயம்

சண்டிலிப்பாய்
17-9-1937

அன்புள்ள தங்கச்சிக்கு,

மச்சாளின் முழங்கால் தேவலை. நீங்கள் எல்லோரும், ஈப்போ அண்ணையும், சுகமென்றே எண்ணுகிறேன். உப்பில்லாமல் அவர் எப்படிச் சாப்பிடுகிறாரோ.

அச்சுக்கூடத்துக்குப் போனேன். முதல்நாள் போகவில்லை, எதிர்த் தெருவில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் உள்ளே போனேன். வேலைகளைப் பார்க்கிறவர் செபநாயகம் என்று குருநகர் மனிதர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஐயா, ஆவணியிலை பொங்கலோ? எங்கடை யேசு பாலன் பிறப்புக்கே இன்னும் ஒருதரும் வரேல்லை” என்றார். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அவர் உடனே தாள்களை இறக்கி ஒவ்வொன்றையும் விரலால் மடித்துக் காட்டினார். மடித்த இடத்தில் வெடிக்காத அட்டை எது என்று தேடி எடுக்க அரை நாள் செலவழித்தார். மார்கழியில் நான் கண்ட மனிதரும் இவர்தான். அன்று முகத்தையே பார்க்கவில்லை.

படத்தின் மாதிரித்தாள் போன கிழமை வந்தது. பானை, கரும்பு, சூரியன் எல்லாம் நல்ல அழகு. ஆனால் தங்கச்சி, சூரியன் ஒரு பக்கம் உதிக்கிறது, பால் மற்றப் பக்கமாக வழிகிறது. இரண்டு பக்கமும் நிறைவாக இருக்கட்டும் என்று வரைந்தவர் நினைத்திருக்கிறார். பால் மேற்கே வழிகிற பானையை எந்த வீட்டில் பொங்கலுக்கு வாங்குவார்கள்? யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருபுறம் நினைத்தேன். பெட்டியைக் கையில் எடுத்தவுடன் பெண்கள் முதலில் பார்ப்பது அதைத்தான் என்று இன்னொருபுறம் நினைத்தேன். தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு சில இரவுகள் நித்திரையில்லை. கடைசியில் போய்ச் சொன்னேன்.

“எந்தப் பக்கம் வழிஞ்சாலும் அரிசி அவியுந்தானே ஐயா?” என்றார் செபநாயகம். நான் தாளைச் சுருட்டத் தொடங்கினேன். அவரே என் கையைப் பிடித்து நிறுத்தினார். “இருங்கோ. மாதாவின்ரை படத்தைத் தலைகீழாய் அடிச்சுத் தந்தால் நாங்களும் வாங்கமாட்டம். பாலை எங்கை விடவேணும், கிழக்கையோ? காலம் கிடக்கு, புதுசா வெட்டுவம். உதை மார்கழியிலை வந்து சொல்லியிருந்தால் எழும்பிப் போங்கோ எண்டிருப்பன்.”

தன் மதத்தில் இல்லாத ஒரு பானைக்காக அந்த மனிதர் மரக்கட்டையை மறுபடி செதுக்கிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னது அதிகமோ என்று இப்போதும் யோசனையாக இருக்கிறது.

உன் அண்ணன்
மார்க்கண்டு

சிவமயம்

வெள்ளவத்தை
24-9-1937

அன்பும் மதிப்புமுள்ள அண்ணைக்கு,

இங்கே சுகம். அண்ணை, நீங்கள் அதிகமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் மாதிரித்தாள் கதையைச் சொன்னேன். “மேற்கையோ!” என்று அவ கையிலிருந்த ஓலைக் கடகத்தைக் கீழே வைத்துவிட்டா. அந்தப் பெட்டியை நாங்கள் அப்படியே விற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதை ஈப்போவுக்கும் எழுதிவிட்டேன். அண்ணை வாசித்துவிட்டு உருண்டு சிரிப்பார். அவருக்குக் கால் அப்படியேதான் இருக்கிறதாம், வேறு வித்தியாசமில்லை. மச்சாளுக்கு என் அன்பு.

உங்கள் தங்கை
பாலேஸ்வரி

சிவமயம்

சண்டிலிப்பாய்
3-11-1937

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் வேண்டுகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. கடைசிப் பெட்டியை முற்றத்திலிருந்து உள்ளே எடுத்த மறுநாள் தொடங்கியது. இதை என் கெட்டித்தனம் என்று நினைத்துவிடாதே, ஒரு நாள் தவறியிருந்தால் எல்லாம் கூழாகியிருக்கும். கோதுமை மாப் பசையில் துரிசு கலந்து ஒட்டியிருக்கிறோம், பூச்சி வராது. அடுப்பங்கரைப் புகை படாத பக்கமாகப் பரணில் பலகை போட்டு அடுக்கியிருக்கிறேன். பால் இப்போது கிழக்கே வழிகிறது. உன் கடையின் பெயர் கீழே சிவப்பில் இருக்கிறது. பரணில் ஏறும்போதெல்லாம் வாசித்துப் பார்க்கிறேன்.

ஒரு பெட்டியை மட்டும் நிரப்பி, தகரத்தில் வைத்து, மலாயாக் கப்பலுக்கு அனுப்பிவிட்டேன். கப்பலில் எத்தனை நாள் போகுமோ, ஈப்போ வரை ரயிலில் எத்தனை நாள் போகுமோ தெரியாது. அதனால் அண்ணையின் பெட்டிதான் முதற் பெட்டி. “பொங்கலுக்கு இரண்டரை மாதம் கிடக்கு. உங்கடை அண்ணை என்ன, பெட்டியைக் காவல் காக்கிறதோ?” என்று பூரணம் கேட்டாள். அதுவும் சரிதான். அரிசியில் வண்டு பிடிக்கக் கூடாதென்று காய்ந்த வேப்பிலையும் செத்தல் மிளகாயும் போட்டிருக்கிறேன். மூடியின் மேல் ‘தைப்பொங்கலன்று திறக்கவும்’ என்று எழுதினேன். வெள்ளனவே அனுப்பியது பிழையோ என்று எனக்கே சந்தேகம்.

உன் அண்ணன்
மார்க்கண்டு

சிவமயம்

வெள்ளவத்தை
14-11-1937

அன்பும் மதிப்புமுள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் அனுப்பிய வெறும் பெட்டி ஒன்றைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்தேன். அன்று தொடங்கியது. வேலை முடிந்து கந்தோர் விட்டு வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், உள்ளே வந்து பெயரைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போன முறை வெறுங்கையோடு போன கரவெட்டி அம்மாவும் வந்தா. “இந்த முறை ஏமாத்தமாட்டியள்தானே?” என்று சிரிக்காமல் கேட்டா. இல்லை என்று சொல்லியிருக்கிறேன் அண்ணை.

ஈப்போ அண்ணைக்குக் கை நடுங்குகிறதாம். இந்த முறை மகன் தம்பிராசாதான் எழுதியிருக்கிறான். கால் வீக்கம் வற்றவில்லை. வேறு பயப்பட ஒன்றுமில்லை என்கிறான்.

உங்கள் தங்கை
பாலேஸ்வரி

சிவமயம்

சண்டிலிப்பாய்
11-12-1937

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் கண்டு ஒரு மாதமாகிறது. தபாற்காரர் படலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எழும்பி நிற்கிறேன். நான் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனோ? மலாயாப் பெட்டிச் செலவு மச்சானுக்குப் பிடிக்கவில்லையோ?

அரிசி வந்துவிட்டது. வருகிற கிழமை பயறு வறுக்க வேண்டும். எத்தனை பெட்டி என்று நீ எழுதினால் தொடங்கலாம். உன் சுகம், மச்சான் சுகம், ஈப்போ அண்ணை சுகம் உடனே எழுது.

உன் அண்ணன்
மார்க்கண்டு

சிவமயம்

வெள்ளவத்தை
16-12-1937

அன்பும் மதிப்புமுள்ள அண்ணைக்கு,

கோபிக்க வேண்டாம். கடையில் கூட்டம், எழுத நேரம் கிடைக்கவில்லை. நானும் இவரும் சுகம். மச்சாளின் முழங்கால் எப்படி? மச்சாளின் தங்கை அருந்ததிக்கும் அவளின் பிள்ளைகளுக்கும் சளித் தடிமன் மாறிவிட்டதா? சிவலைப் பசு கன்று போட்டதா? கிணற்றடி வாழை மழைக்கு விழாமல் நிற்கிறதா?

ஒட்டிய பெட்டிகள் எல்லாம் வேண்டும். ஒன்றும் மிஞ்சாது. தை பிறக்கக் குறைந்தது ஒரு கிழமைக்கு முன் சுன்னாகத்தில் ஏற்றிவிடுங்கள். அண்ணை, இந்த வேலையை எதற்காகவும் நிறுத்த வேண்டாம். நீங்கள் ஆவணியில் தொடங்கியது. அது தையில் முடியவேண்டும்.

உங்கள் தங்கை
பாலேஸ்வரி

சிவமயம்

சண்டிலிப்பாய்
22-12-1937

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். பூரணத்தின் முழங்கால் பரவாயில்லை. அருந்ததி வீட்டில் எல்லோருக்கும் தடிமன் மாறிவிட்டது. பசு இன்னும் கன்று போடவில்லை. வாழை நிற்கிறது. நீயும் மச்சானும், பக்கத்து வீட்டு அம்மாவும் சுகமாயிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. ஆகவே அரிசி, பயறு, பனங்கட்டி எல்லாவற்றையும் அருந்ததி வீட்டுக்கு மாற்றிவிட்டேன். வறுப்பதும் அளப்பதும் நிரப்புவதும் அங்கேதான், அருந்ததியும் அவளுடைய மாமியும் செய்கிறார்கள். பசையில் கலந்த துரிசு பட்டு எனக்குக் கை கடிக்கிறது. சாமானைத் தொடாமல் தள்ளி நின்று கணக்கு மட்டும் பார்க்கிறேன். பூரணத்தையும் முழங்காலைச் சாட்டி வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன்.

பெட்டிகள் சொன்ன நாளுக்கு வந்துசேரும். வேறு விசேடம் ஏதும் இருந்தால் பொங்கல் கழிய ஆறுதலாக எழுது. இப்போது என் மண்டையில் பெட்டியைத் தவிர ஒன்றும் ஏறாது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் கண்விழிக்காதே.

உன் அண்ணன்
மார்க்கண்டு

வெள்ளவத்தை
17-1-1938

அன்பும் மதிப்புமுள்ள அண்ணைக்கு,

பெட்டிகள் எல்லாம் நனையாமல், ஒரு மூலையும் நசுங்காமல் வந்தன. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே கடை வெறுமையாகிவிட்டது. கரவெட்டி அம்மா பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “பால் கிழக்கைதான்” என்றா. அவ்வளவுதான் சொன்னா. கடையைப் பூட்டுவது பற்றி இவர் இனிக் கதைக்கமாட்டார். பின்சுவரை இடித்துக் கடையைப் பெருப்பிக்கலாமா என்று அளந்துகொண்டு திரிகிறார்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ அண்ணை போய்விட்டார். டிசெம்பர் ஏழாந் திகதி. மறுநாள் எனக்குத் தந்தி வந்தது. சண்டிலிப்பாய்க்கும் அறிவிக்கும்படி தம்பிராசா கேட்டிருந்தான். நான் அறிவிக்கவில்லை. பிள்ளைக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன்.

நான் கலியாணம் முடித்து வேறு வீட்டுக்கு வந்தவள். எனக்கு முழுக்கோடு தீர்ந்தது. உங்களுக்கு அப்படியல்ல. காதில் விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி அரிசி வெளியே போகாது, நீங்கள் போகவிடவும் மாட்டீர்கள். துடக்கு வீட்டிலிருந்து வந்தது என்று அறிந்தால் ஒருவர்கூட அந்தப் பெட்டியைத் தொடமாட்டார். காதில் விழாதவரைக்கும் துடக்கில்லை என்று குருக்களிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நாள்களும் இப்போது கழிந்துவிட்டன.

தந்தியை மடித்து வைத்துவிட்டுக் கடையில் நின்றேன் அண்ணை. பெட்டிக்குப் பெயர் கொடுக்க வந்தவர்களோடு சிரித்துக் கதைத்தேன். உங்களுக்குப் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் அவரைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. நான் செய்தது பிழையென்றால் நீங்கள்தான் சொல்லவேண்டும். மற்றவர் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

பாலேஸ்வரி

சண்டிலிப்பாய்
21-1-1938

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதத்தின் தலைப்பில் சிவமயம் இல்லை. அதைக் கண்டவுடன் படிக்காமல் கிணற்றடிக்குப் போய் முழுகினேன். பிறகு வந்து ஈர உடுப்போடு படித்தேன். குருக்கள் சொன்னபடி செய்யவேண்டியவற்றைச் செய்கிறோம்.

நீ செய்தது பிழையில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும். மார்கழியில் நீ எழுதிய கடிதத்தில் பசுவின் கன்றைக் கேட்டாய், வாழையைக் கேட்டாய். நான் கேட்டு எழுதிய ஈப்போவுக்கு அதில் இடமில்லை. ஒருநாளும் நீ அந்த வரியை விட்டதில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆகவே நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். திருப்பிக் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். அதனால் கேட்காமல் எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஐந்து தாள் போனது.

ஆனால் தெரிந்தும் தெரியாததுபோல இந்த வீட்டு அரிசியைப் பிறத்தியாரின் பொங்கற் பானைக்கு அனுப்ப மனம் துணியவில்லை. எங்கள் கூரை ஒழுகவில்லை தங்கச்சி. கை கடிக்கவுமில்லை. அருந்ததி புகுந்த வீட்டுக்கு நம் துடக்கு இல்லை. அதனால் அங்கே மாற்றினேன். பொங்கலன்று சளியென்று படுத்திருந்தேன், முற்றத்தில் பானை வைக்கவில்லை. பூரணம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. புதுப் பானையை எடுத்து வீட்டுப் பின்கோடியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். கரவெட்டி அம்மாவிடமும் மற்றவர்களிடமும் நீ தலைநிமிர்ந்து நிற்கலாம். ஒரு பெட்டியிலும் குற்றமில்லை.

தந்தியை வைத்துக்கொண்டு நீ தனியே நின்றதை நினைக்கிறேன். நான் அறுபத்துமூன்று வயதில் கூரையைச் சாட்டுச் சொன்னது அவ்வளவுதான். ஒரு மாதம் அழுகையை அடக்கி ஊருக்கெல்லாம் பொங்கல் கொடுத்த உனக்கு முன் நான் என்ன சொல்ல? இனி நீ அழலாம்.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. அண்ணைக்கு அனுப்பிய பெட்டி என்ன ஆனதோ. பொங்கலன்று திறக்கவும் என்று எழுதிவிட்டேனே. துக்க வீட்டில் அது ஒரு மூலையில் கிடந்து எல்லோரையும் வருத்துமே. வெள்ளனவே அனுப்பியிருக்கக் கூடாது.

உன் அண்ணன்
மார்க்கண்டு

சிவமயம்

வெள்ளவத்தை
12-2-1938

அன்பும் மதிப்புமுள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நான் அழுது முடித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நீங்களும் மச்சாளும் உடம்பைக் கவனியுங்கள். தம்பிராசா விபரமாக எழுதிய கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதில் ஒரு பகுதியைப் பார்த்து எழுதுகிறேன்.

‘மாமி, மார்க்கண்டு சித்தப்பா அனுப்பிய பெட்டி நவம்பர் கடைசியில் வந்தது. ஐயா அதை மடியில் வைத்துக்கொண்டு பால் எந்தப் பக்கம் வழிகிறது என்றுதான் முதலில் பார்த்தார். நீங்கள் எழுதியிருந்ததை நினைத்துச் சிரித்து இருமல் எடுத்துவிட்டது. மூடியில் எழுதியிருந்ததை அம்மா வாசித்துக் காட்டிப் பெட்டியை அலுமாரியில் வைக்கப் போனா. ஐயா விடவில்லை. “உவன் மார்க்கண்டு நேரத்துக்கு முன்னம் அனுப்பியிருக்கிறான். நானும் நேரத்துக்கு முன்னம் துறக்கிறன். கொண்டா” என்றார். மறுநாட் காலை முற்றத்தில் அடுப்பு மூட்டினோம். ஐயாவைக் கதிரையோடு தூக்கி வெளியே வைத்தோம். பால் பொங்கும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் இருந்தார். இரண்டு கரண்டி சாப்பிட்டார். எங்கடை அரிசி என்றார். அதற்குப் பிறகு அவர் எதையும் ஆசையாகக் கேட்டுச் சாப்பிடவில்லை. அடுத்த கிழமை போய்விட்டார். வெறும் பெட்டியை அம்மா சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறா.’

அண்ணை, நீங்கள் மார்கழியில் அனுப்பியிருந்தால்?

இவரும் வாசித்தார். இம்முறை சிரிக்கவில்லை. அடுத்த பொங்கற் பெட்டிக்கு ஆவணி வரை பார்த்திருக்க வேண்டாம் என்கிறார். இந்த மாசியிலேயே செபநாயகத்திடம் போங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். எதிர்த் தெருவில் நில்லாமல் நேரே உள்ளே போங்கள்.

உங்கள் தங்கை
பாலேஸ்வரி